22 பாடங்கள், ஆறரை ஆண்டுகள்: வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

2019 ஜனவரியில் என் அக்கா பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது அவளுக்கு 40 வயது. கடைசித் தேர்வை 2025ன் நடுவில் எழுதினாள். இந்த ஆறரை ஆண்டுகளிலும் ஒரு பழக்கத்தை அவள் விடவில்லை. அன்றைக்கு எத்தனை மணி நேரம் படித்தாள், எங்கே உட்கார்ந்து படித்தாள், படிக்க முடியாமல் போனால் எதனால் என்று தினமும் ஒரு வரி நோட்டில் எழுதி வைப்பாள். அப்படி மூன்று நோட்டுகள் சேர்ந்துவிட்டன. போன வருடம் சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவற்றை என் கையில் கொடுத்து, "உனக்கு வேலையில உதவும்னா எடுத்துக்க" என்றாள்.

நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மறுபடியும் படிக்கலாமா என்று யோசிக்கும் ஊழியர்கள் என்னிடம் வருவார்கள். முதலில் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து, எந்தப் படிப்புக்கு மதிப்பு அதிகம் என்பார்கள். நேரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. "அது எப்படியாச்சும் பாத்துக்கலாம்" என்று அந்தப் பேச்சை முடித்துவிடுவார்கள். அக்காவின் நோட்டுகளைப் படித்த பிறகு, அந்த "எப்படியாச்சும்" என்ற இடத்தில்தான் எல்லாமே தீர்மானமாகிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரையும் வேலை பார்க்கும் இடத்தின் பெயரையும் சொல்லவில்லை.

படிக்க வைத்த காரணம்

அக்கா 1999ல் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நேரம் அது. மேலே படிப்பது பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. சாங்கி சரக்கு முனையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏர்வே பில் என்ற விமானச் சரக்குச் சீட்டைச் சரிபார்ப்பது, ட்ரேட்நெட் என்ற மின்னணு முறையில் சுங்க அனுமதி போடுவது, சரக்கு எங்கேயாவது மாட்டிக்கொண்டால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசுவது, இதுதான் வேலை. ட்ரேட்நெட் 1989லேயே வந்துவிட்ட முறை. அதற்குள் இருக்கும் சந்து பொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

2018ல் அதே நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவில் ஓர் இடம் காலியானது. அந்த வேலையை அவள் ஏற்கெனவே நான்கு மாதம் பார்த்திருக்கிறாள், அங்கிருந்தவர் பிரசவ விடுப்பில் போயிருந்தபோது. ஆனால் விண்ணப்பம் இணையத்தில். பட்டம் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறித்ததும் அடுத்த பக்கம் திறக்கவில்லை. அன்று இரவு எனக்குப் போன் செய்தாள். "நேர்ல கூப்பிட்டு வேணாம்னு சொல்லியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது" என்றாள்.

எந்த வழி?

அவள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, தனியார் கல்வி நிலையத்தில் வெளிநாட்டுப் பட்டம். விரைவு ரயில் நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதி ஒன்றில் மேசை போட்டிருந்த ஒருவர், 12 மாதத்தில் பட்டம், தேர்வே கிடையாது, இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் கட்டணத்தில் தள்ளுபடி என்றார். நல்லவேளை, அக்கா அன்று கையெழுத்துப் போடவில்லை. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தனியார் கல்வி நிலையம் அரசிடம் பதிவு செய்திருக்கிறது என்பதால் அது தரும் பட்டத்துக்கு அரசு உத்தரவாதம் தருகிறது என்று ஆகிவிடாது. வெளிநாட்டுப் பட்டங்களை அங்கீகரிக்கும் மைய அமைப்பு என்று சிங்கப்பூரில் எதுவும் இல்லை. ஏற்பதும் ஏற்காததும் முதலாளியின் முடிவு. அதனால் நாம் எந்த நிறுவனத்தில், எந்த வேலைக்குப் போக நினைக்கிறோமோ அங்கேயே போய்க் கேட்பதுதான் சரியான சோதனை. தனியார் நிலையங்களில் நல்லவையும் இருக்கின்றன. தரத்துக்கான எஜுட்ரஸ்ட் சான்றிதழ் இருக்கிறதா, நிலையம் மூடிவிட்டால் கட்டிய பணத்தைக் காக்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.

இரண்டாவது வழியைப் பெரியப்பா சொன்னார். "ஊர்ல அஞ்சல் வழியில போட்டுடும்மா, செலவு கம்மி." அவர் தலைமுறையில் பலர் அப்படிப் படித்தவர்கள்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிவிட்டது. முறையான அங்கீகாரத்தோடு தொலைதூரத்திலோ இணையத்திலோ வாங்கும் பட்டம் நேரடிப் படிப்புக்குச் சமம் என்று இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டும் கிடைப்பதில்லை. எந்தப் பாடம், எந்த ஆண்டுச் சேர்க்கை என்பதுவரை மானியக் குழுவின் பட்டியலில் பார்க்க வேண்டும். அக்காவைத் தடுத்தது வேறு காரணம். அவள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டபோது உறுதியான பதில் கிடைக்கவில்லை. ஆறு வருடம் படித்துவிட்டு அந்தப் பதிலுக்காகக் காத்திருக்க அவள் தயாராக இல்லை.

மூன்றாவது, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தின் பகுதிநேரப் படிப்பு. இந்த வழி இங்கே திறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டங்களை இங்கே நடத்தும் பொறுப்பை அரசு 1992ல் சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்திடம் கொடுத்தது. அதிலிருந்து 2005ல் யூனிசிம் பல்கலைக்கழகம் உருவானது. அதுவே 2017ல் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமாகி, நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகம் என்ற இடத்தைப் பெற்றது. தமிழ்மொழியும் இலக்கியமும் பகுதிநேரமாகப் படித்துப் பட்டம் வாங்க வழி இருப்பதும் அங்கேதான். இன்று மற்றப் பல்கலைக்கழகங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கான படிப்புகள் இருக்கின்றன. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசு மானியமும் உண்டு.

அக்கா மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தாள். வழங்கல் தொடர் நிர்வாகம் சார்ந்த பட்டம். மொத்தம் 26 பாடங்கள். டிப்ளோமாவுக்காக 4 பாடங்களைக் கழித்தார்கள். மீதி 22.

முதல் அரையாண்டு

சேர்ந்த அன்று ஆலோசகர் ஒருவர், "முழு வேலை பார்க்கிறவங்க எல்லாரும் அரையாண்டுக்கு மூணு பாடம் எடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பினார். உங்கள் வாரம் எப்படி இருக்கும், எங்கே வேலை, வீட்டில் யார் யார் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அக்கா மூன்று பாடங்களை எடுத்தாள்.

முதல் நோட்டின் முதல் 16 பக்கங்களைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். ஒரு பாடத்துக்கு வாரம் ஏறத்தாழ 8 மணி நேரம் தேவைப்பட்டது. இரவு 7 மணிக்கு ஜூமில் தொடங்கும் வகுப்பு, பதிவு செய்த விரிவுரை, வாசிப்பு, கட்டுரை எல்லாம் அதில் அடக்கம். மூன்று பாடம் என்றால் 24 மணி நேரம். அவளுக்கு வேலை வாரம் 44 மணி. சுவா சூ காங்கிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வந்து, அங்கே ரயில் மாறித் தெம்பனிஸ், பிறகு பேருந்து. ஒரு வழிக்கு ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். போக்குவரத்தே வாரம் 16 மணி. இரண்டும் சேர்ந்து 60 மணி நேரம். இதற்கு மேல் சமையல், உயர்நிலை 2ல் மகன், தொடக்கநிலை 2ல் மகள், மாமியார். அத்தான் பேருந்து ஓட்டுநர், மாறி மாறி ஷிப்ட்.

அந்த அரையாண்டில் அவளால் எடுக்க முடிந்தது வாரத்துக்குச் சராசரியாக 13 மணி நேரம். 24 தேவைப்பட்ட இடத்தில் 13. இரண்டு பாடங்களில் எப்படியோ தேறினாள். புள்ளியியலில் தோற்றுப்போனாள்.

"எனக்கு மூளை மங்கிப்போச்சுடி" என்று அவள் அழுதது இப்போதும் நினைவிருக்கிறது. அப்போது நானும் அதையே நம்பினேன், 20 வருடம் கணக்கைத் தொடாதவள்தானே என்று. நோட்டைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. புள்ளியியலுக்கு அவள் கொடுத்த நேரம் வாரம் மூன்று மணிகூட இல்லை. அதிலும் பாதி ரயிலில் நின்றுகொண்டு. நின்றுகொண்டு வாசிக்கலாம். கணக்குப் போட முடியாது.

திட்ட விலக்கம் தமிழில் புரிந்த நாள்

2019 ஜூலை அரையாண்டில் அவள் ஒரே ஒரு பாடம்தான் எடுத்தாள், தோற்ற அதே புள்ளியியல். முதல் இரண்டு வாரம் பழைய குழப்பமே நீடித்தது. அப்புறம் ஒரு நாள் யூடியூபில், தமிழ்நாட்டில் பி.காம் மாணவர்களுக்கு ஒரு பேராசிரியர் கரும்பலகையில் நடத்திய பாடம் கிடைத்தது. ஸ்டாண்டர்ட் டீவியேஷனை அவர் "திட்ட விலக்கம்" என்று சொல்லி, சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று படிப்படியாகப் போட்டுக் காட்டினார். பள்ளியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தவள் அக்கா. "விலக்கம்" என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அலுவலகம் ஞாபகம் வந்திருக்கிறது.

அன்று நோட்டில் எழுதியிருப்பது இது: இரண்டு விமானச் சரக்கு வழிகள், இரண்டுக்கும் சராசரி 3 நாள். ஒன்று எப்போதும் 3 நாளில் வரும். இன்னொன்று சில சமயம் 1 நாள், சில சமயம் 5 நாள். சராசரி ஒன்றுதான், விலக்கம்தான் வேறு. இரண்டாவது வழியில் சரக்கு வாங்குகிறவர் கிடங்கில் கூடுதலாகக் கையிருப்பு வைத்தே ஆக வேண்டும்.

20 வருடமாக அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த விஷயம். வாடிக்கையாளர்கள் ஏன் சில வழிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள் என்பதற்கு அன்றுதான் அவளுக்குக் கணக்கு கிடைத்தது. இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்களிடம் 18 வயதுப் பிள்ளைகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, பாடம் வந்து ஒட்டிக்கொள்ள ஓர் இடம். ஆனால் அது ஒட்டுவதற்கும் நேரம் வேண்டும். அந்த அரையாண்டில் ஒரே பாடத்துக்கு வாரம் 11 மணி கிடைத்தது. நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள்.

வீட்டுக்குள்ளே வந்த கல்லூரி

2020 ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கியது. அதுவரை வளாகத்தில் நடந்துகொண்டிருந்த சில வகுப்புகளும் முழுக்க இணையத்துக்குப் போயின. ஆவணப் பிரிவு வீட்டிலிருந்தே வேலை பார்த்தது. பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்தபடியே பாடம். ஒரு மடிக்கணினி, ஒரு வைஃபை, ஒரே கூடம்.

அப்போதுதான் அக்கா வீட்டுக்குள் இருக்கும் பதுங்கு அறையை, பாம்ப் ஷெல்டரை, காலி செய்தாள். 1998 மே மாதத்துக்குப் பிறகு கட்டுமானத்துக்கு வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் கனமான சுவரும் இரும்புக் கதவும் வைத்த அந்தச் சின்ன அறை இருக்கும். அரிசி மூட்டை, மடக்கு நாற்காலி, தீபாவளிப் பலகாரப் பாத்திரம் எல்லாம் வைக்கிற இடம். அங்கே ஒரு மேசை போட்டாள். சத்தமே வரவில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் வைஃபை செத்துவிடும். கடைசியில் அத்தான் ஒரு நீளக் கேபிள் வாங்கிக் கூடத்திலிருந்து இழுத்து, கதவை ஒரு விரல்கடை திறந்து வைத்து இணைத்துக் கொடுத்தார். கேமராவை வைத்துக் கண்காணித்த வீட்டுத் தேர்வுகளை எல்லாம் அவள் அந்த மேசையில்தான் எழுதினாள்.

2020ல் அவள் அரையாண்டுக்கு இரண்டு பாடம் எடுத்தாள். நோட்டில் வாரச் சராசரி 19 மணி. ஆறரை ஆண்டுகளில் அவள் வாங்கிய மிக நல்ல மதிப்பெண்கள் அந்த ஆண்டில்தான். வேலை குறையவில்லை, பிள்ளைகள் முழுநேரமும் வீட்டில், ஊரெல்லாம் பயம். மாறியது ஒன்றே ஒன்று, அந்த 16 மணிப் பயணம் இல்லாமல் போனது. இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான சான்று இதுதான். அதே ஆள், அதே மூளை, நேரம் மட்டும் கூடியது.

நிறுத்திவைத்த அரையாண்டு

2021 நடுவில் அத்தானின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மகன் அந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் ஓ நிலைத் தேர்வு எழுதினான். அக்கா ஜூலை அரையாண்டை ஒத்திவைத்தாள். படிப்பை முடிக்க எட்டு ஆண்டு உச்சவரம்பு இருந்ததால் அதற்கு இடம் இருந்தது. நோட்டில் ஐந்து மாதத்துக்கு வரிகளே இல்லை.

திரும்பி வருவதுதான் கஷ்டம். ஒத்திவைத்த பலர் அப்படியே நின்றுவிடுவதை என் அலுவலகத்திலும் பார்த்திருக்கிறேன். 2022 ஜனவரியில் அவள் ஒரே ஒரு பாடத்தோடு திரும்பினாள். அதற்குள் வீட்டில் ஓர் ஏற்பாடு நடந்திருந்தது. அத்தான் மேலதிகாரியிடம் பேசி, நிரந்தரமாகக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். விடியுமுன் கிளம்பிப் போய் மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்புவார். மாமியாரைப் பார்ப்பதும் இரவுச் சமையலும் அவர் பொறுப்பு. ஓவர்டைம் போனது, சம்பளம் குறைந்தது. மகன் சனிக்கிழமை பாட்டியோடு இருந்தான். அந்தச் சனிக்கிழமைகளில் அக்கா லாட் ஒன் கடைத்தொகுதியில் உள்ள நூலகத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய மணி நேரங்களை ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். விடியற்காலை 4.30க்கு எழுந்து படித்தது வாரம் மூன்று நாள். சனிக்கிழமை ஏழு மணி நேரம். வகுப்பு இரவுகள். ரயிலில் வாசித்தது. அலுவலகம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டதில் மிஞ்சியது. கிட்டத்தட்ட பாதியை வீட்டில் வேறொருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். அத்தானின் ஓவர்டைம், மகனின் சனிக்கிழமை, மகளின் படுக்கைநேரக் கதை. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போகாததால் வந்த மனஸ்தாபம் தனி. 2023ல் தீபாவளி நவம்பர் 12. அடுத்த வாரம் தேர்வு. அந்த வருடம் மகளுக்குத் தொடக்கநிலை இறுதித் தேர்வும் இருந்தது. முறுக்கு பிழிந்தது நானும் அம்மாவும். அக்கா கதவு விரல்கடை திறந்திருந்த அறைக்குள் இருந்தாள். அது சரியா என்று அம்மா கேட்டார். எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை.

குழுக் கட்டுரைகளையும் விட்டுவிட முடியாது. முகம் பார்க்காத ஐந்து பேர் சேர்ந்து ஒரே அறிக்கை எழுத வேண்டும். ஒருவர் இரவு ஷிப்ட், ஒருவர் வெளியூர்ப் பயணம், ஒருவர் வாட்ஸ்அப்பில் பதிலே தரமாட்டார். இரண்டு முறை அக்கா மற்றவர் பங்கையும் தானே எழுதினாள். மூன்றாவது முறை முதல் வாரத்திலேயே யார் எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று எழுதி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கினாள். சரக்கு அனுப்புவதில் 20 வருடம் செய்த வேலை அதுதானே.

பணம்

மானியம் போக மீதிக் கட்டணத்தை அரையாண்டுக்கு அரையாண்டு சம்பளத்திலிருந்தே கட்டினாள். குறைவாகப் பாடம் எடுத்ததில் இந்த ஒரு வசதி இருந்தது. மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடன் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அங்கீகரித்த முழுநேரப் படிப்புகளுக்குத்தான். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தபோது அவனுக்குக் கேட்க முடிந்தது, தாய்க்கு முடியவில்லை.

25 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு அரசின் திறன் வளர்ப்புத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் முதலில் கொடுத்த 500 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) அவள் ஏற்கெனவே ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குச் செலவழித்திருந்தாள். 2020ல் வந்த அடுத்த 500 வெள்ளிக்கு 2025 முடிவுவரை தவணை இருந்தது. 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 4,000 வெள்ளி கிடைத்தது. இதற்குத் தவணை கிடையாது. தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம், பகுதிநேரப் பட்டப்படிப்புகளும் அதில் உண்டு. அக்காவுக்கு அப்போது நான்கைந்து பாடங்கள்தான் பாக்கி. கடைசி இரண்டு அரையாண்டுகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தேர்ந்தெடுத்த பகுதிநேரப் பயிற்சிகளுக்கு 2026 முதல் மாதம் 300 வெள்ளி படித்தொகை தரும் திட்டத்தை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். இனி தொடங்குகிறவர்கள் இதை விசாரித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

விடுப்பு வேறு கணக்கு. தேர்வு விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. நிறுவனம் மனம் வைத்தால்தான் உண்டு. அக்காவின் ஆண்டு விடுப்பில் பெரும்பகுதி ஒவ்வொரு வருடமும் தேர்வுகளுக்கே போனது. ஆறரை ஆண்டுகளில் குடும்பமாக ஒரு முறைகூட வெளியூர் போகவில்லை.

முடிந்த பிறகு

2018ல் பூட்டியிருந்த அந்த விண்ணப்பப் பக்கம் 2025ல் திறந்தது. திட்டமிடல் பிரிவில் வேறோர் இடம் காலியானபோது விண்ணப்பித்தாள், நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், வேலை கிடைத்தது. சம்பளம் கூடியது, ஆனால் அவள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அத்தான் இழந்த ஓவர்டைமோடு சேர்த்துப் பார்த்தால், பணக்கணக்கில் இந்தப் படிப்பு ஈடாக இன்னும் சில ஆண்டுகள் ஆகும். பணத்துக்காக மட்டும் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று அக்காவே சொன்னாள். வருத்தம் உண்டா என்று கேட்டேன். "மூணு பாடம் எடுத்த அந்த முதல் ஆறு மாசத்துக்குத்தான் வருத்தம்" என்றாள்.

போன மாதம் என் அலுவலகத்தில் ஒருவர் வந்தார். கிடங்கு மேற்பார்வையாளர், 42 வயது, ஜூலையில் சேர வேண்டும், மூன்று பாடம் எடுக்கப் போகிறேன் என்றார். கட்டணத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு காலி நோட்டைக் கொடுத்து, சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு நான்கு வாரம் ஏதாவது படித்து, நேரத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மனைவியையும் எழுதச் சொன்னேன், அவர் நேரத்தில் எது குறைந்தது என்று. நேற்று இருவருமே வந்தார்கள். வாரத்துக்கு 9 மணி நேரம் தேறியிருந்தது. ஒரு பாடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்.